தேயிலை எத்தனை நிமிடம் ஊறலாம்?

நம் வீடுகளில் தேநீரைப் பற்றிய ஒரு நம்பிக்கை மறுபேச்சில்லாமல் கைமாறி வருகிறது: டீ ஸ்ட்ராங்காக வேண்டுமென்றால் இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும், இன்னும் ஒரு கொதி வரட்டும். பால் ஊற்றிக் குடிக்கும் தூள் டீக்கு இதனால் பெரிய கேடு எதுவும் வந்துவிடாது. ஆனால் பால் சேர்க்காமல் குடிக்கும் இலைத் தேயிலையும் கிரீன் டீயும் பலருடைய சமையலறைக்குள் வந்துவிட்ட பிறகும் அந்த நம்பிக்கை அசையாமல் இருக்கிறது. நீலகிரியின் நல்ல ஆர்த்தடாக்ஸ் தேயிலையை, அதாவது தூளாக நசுக்காமல் இலையாகவே உருட்டிச் செய்ததை, விலை கொடுத்து வாங்கி, கொதிக்கும் நீரில் போட்டு மூடிவைத்து, வேறு வேலைக்குப் போய்விட்டு வந்து, ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்து ஒதுக்கிவைப்பவர்களை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அந்தப் பொட்டலம் அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. பழி இலையின் மேல் விழுகிறது. எனக்கு இது ஒவ்வொரு முறையும் மனச்சங்கடத்தைத் தருகிறது.

இதில் என் கருத்து ஒன்றுதான். காட்டம் வேண்டுமானால் இலையைக் கூட்ட வேண்டும். நேரத்தைக் கூட்டக் கூடாது. கேட்பதற்குச் சிறிய திருத்தம்போலத் தோன்றினாலும், எந்தத் தேயிலையை எத்தனை நிமிடம் ஊறவைப்பது என்ற கேள்விக்கான விடை முழுவதும் இதைச் சுற்றித்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இலையில் இருப்பவை எல்லாம் ஒரே வேகத்தில் நீரில் இறங்குவதில்லை. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் மணப்பொருள்கள் முதல் நிமிடத்திலேயே வெளிவரத் தொடங்கிவிடுகின்றன. எளிதில் ஆவியாகக் கூடியவை என்பதால் திறந்த பாத்திரத்தில் நிற்க நிற்கப் பறந்தும் போகின்றன. நாக்கில் ஒரு நிறைவைத் தரும் தியானின் என்ற அமினோ அமிலமும், நமக்குச் சுறுசுறுப்பைத் தரும் கஃபீனும் சிறிய மூலக்கூறுகள். ஒப்பளவில் அவை விரைவாக இறங்குபவை. துவர்ப்புக்குக் காரணமான பாலிஃபீனால்கள் அப்படியல்ல. கிரீன் டீயில் கேட்டச்சின்களாகவும், கறுப்புத் தேயிலையில் அந்தக் கேட்டச்சின்கள் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மாறிய தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்பவையாகவும் இருக்கும் இவற்றில் பருமனானவை மெதுவாக, ஆனால் விடாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு கட்டத்துக்குப் பிறகு கோப்பையில் வந்து சேர்வதில் பெரும்பங்கு துவர்ப்புதான். மணமோ அதற்குள் குறையத் தொடங்கியிருக்கும். ஐந்தாவது நிமிடத்துக்கும் பத்தாவது நிமிடத்துக்கும் இடையில் நாம் பெறுவது காட்டம் அல்ல, வறட்சி. கன்னங்களின் உட்புறம் இழுத்துப் பிடிப்பதுபோல உணர்கிறோமே, அதுதான் அது.

நிறத்தை நம்புவதும் இதே சிக்கலில் கொண்டுபோய் விடும். தூள் தேயிலையில் நிறம் சில விநாடிகளிலேயே இறங்கிவிடும். முழு இலையில் அது தாமதமாகும். டார்ஜிலிங்கின் வசந்தகாலத் தேயிலை எவ்வளவு நேரம் ஊறினாலும் அடர்ந்த சிவப்பாக மாறாது. நிறம் வரட்டும் என்று காத்திருப்பவர், அந்த இலையால் தர முடியாத ஒன்றுக்காக, அது தந்திருக்கக் கூடிய மணத்தை இழக்கிறார்.

குன்னூரில் ஒரு சுவை பார்க்கும் அறை

இந்த எண்ணம் எனக்குள் உறுதிப்பட்டது குன்னூரில். அங்கே தேயிலை வியாபாரத்தோடு நீண்ட காலம் தொடர்புடைய என் பெரியப்பா, ஏலத்துக்கு வரும் தேயிலைகளைச் சுவைத்து மதிப்பிடும் ஓர் அறைக்கு என்னை அழைத்துச் சென்றார். நீண்ட மேசை ஒன்று. அதன் மேல் வெள்ளைப் பீங்கான் குவளைகள் வரிசையாக. ஒவ்வொரு குவளைக்கும் ஒரு மூடி உண்டு. விளிம்பின் ஓரிடத்தில் வாள்பல்போல் வெட்டுகள் உண்டு. ஊறும் நேரம் முடிந்ததும் குவளையை மூடியோடு கிண்ணத்தின் மேல் படுக்கவைத்துவிடுவார்கள். அந்த வெட்டுகளின் வழியே சாறு மட்டும் வடிந்துவிடும், இலை உள்ளேயே தங்கிவிடும். பிறகு குவளையைக் கவிழ்த்துத் தட்டி, ஊறிய இலையை மூடியின் மேல் எடுத்துவைப்பார்கள். கிண்ணத்தில் சாறு, அதன் பின்னால் மூடியில் ஈர இலை, அதற்கும் பின்னால் டப்பாவில் உலர்ந்த தேயிலை. மேசை முழுவதும் இந்த மூன்றும்தான்.

என் கண்ணில் பட்டது, எல்லாக் குவளைகளுக்கும் ஒரே அளவு இலை, ஒரே கொதிநீர், ஒரே மணியோசை என்பது. தூளாகட்டும், முழு இலையாகட்டும், குளிர்காலத்தில் பறித்த உயர்தர இலையாகட்டும், நேரத்தில் எந்தச் சலுகையும் இல்லை. இதற்குச் சர்வதேசத் தரமே ஒன்று இருக்கிறது. 1980-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 3103, சுவைப் பரிசோதனைக்கான தேநீரை 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை என்ற கணக்கில், கொதிக்கும் நீரில் 6 நிமிடம் ஊறவைக்கச் சொல்கிறது. பெரியப்பாவின் நண்பரான அந்தச் சுவைஞர் கரண்டியால் சாற்றை எடுத்து, காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பிவிட்டு, உதவியாளரிடம் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தார்.

வரிசையின் கடைசியில் உயரமான தோட்டம் ஒன்றின் குளிர்காலத் தேயிலை இருந்தது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இரவுகளில் உறைபனி இறங்கும் நாள்களில் செடி மெதுவாக வளர்வதால், அந்தப் பருவத்துக் கொழுந்துக்குத் தனி மணம் உண்டு. நீலகிரித் தேயிலையின் பெருமையே அதில்தான் இருக்கிறது என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஆவலோடு கரண்டியில் எடுத்துச் சுவைத்தேன். மணம் எங்கோ பின்னால் இருந்தது. முன்னால் நின்றது துவர்ப்பு. என் முகத்தைப் பார்த்ததும் அவர் புரிந்துகொண்டார். “இதைக் குடிக்கிறதுக்காகப் போடலம்மா. இந்த இலையில என்ன குறை ஒளிஞ்சிருக்குன்னு தேடுறதுக்காகப் போட்டது. வீட்டுல யாராவது இப்படிப் போட்டா நானே குடிக்கமாட்டேன்” என்றார். பிறகு அதே டப்பாவிலிருந்து அதே அளவு இலையை எடுத்து, கெட்டிலின் கொதி அடங்கியதும் நீரை ஊற்றச் சொல்லி, இரண்டரை நிமிடத்தில் வடித்துக் கொடுத்தார்.

இரண்டும் ஒரே செடியின் இலை, ஒரே மேசை, ஒரே நீர். இரண்டாவது கிண்ணத்தின் நிறம் வெளிறிய பொன் நிறம். வாயருகே கொண்டுபோவதற்குள் பூவின் மணம் எழுந்தது. குடித்து முடித்த பிறகும் தொண்டையில் ஓர் இனிப்பு நின்றது. துவர்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அது ஓரமாக நின்று மற்றவற்றைத் தாங்கிப் பிடித்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் முதல் கிண்ணம் ஆறிக் கலங்கிவிட்டிருந்தது, அதில் ஒரு துளி பால் விழுந்ததுபோல. கஃபீனும் பாலிஃபீனால்களும் சூடு தணியும்போது ஒன்றோடொன்று பிணைவதால் இப்படிக் கலங்கும். சாற்றில் சத்து நிறைய இறங்கியிருப்பதன் அடையாளம் அது என்று அவர் விளக்கினார்.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான்: ஆறு நிமிடம் என்பதும் சரியான நேரமே, கேள்வி வேறாக இருக்கும்போது. வாட்டத்தில் பிழையா, புகை ஏறியிருக்கிறதா, ஆக்ஸிஜனேற்றம் அளவு மீறிவிட்டதா என்று அறிய விரும்புபவருக்கு இலையிலிருந்து எல்லாமே வெளியே வந்தாக வேண்டும். குடிக்க உட்கார்ந்தவருக்கு அது எதுவும் தேவையில்லை. ஆலையில் கொழுந்தை 12 முதல் 18 மணி நேரம் வாட்டி, உருட்டி, ஆக்ஸிஜனேற்றத்தை மூக்கால் முகர்ந்து பார்த்துச் சரியான கணத்தில் உலர்த்தும் அறைக்கு அனுப்புகிறார்கள். அத்தனை பேர் நேரத்தைக் கவனித்துக் காப்பாற்றிக் கொண்டுவந்த மணம், நம் வீட்டில் கவனிப்பில்லாத கடைசிச் சில நிமிடங்களில் போய்விடுகிறது.

ஒரே கெட்டில், வேறு வேறு இலை

அப்படியானால் நேரம்தான் என்ன? பால் சேர்க்காமல் குடிக்கும் நீலகிரி ஆர்த்தடாக்ஸுக்கு, 200 மில்லிலிட்டர் நீருக்கு 3 கிராம் அளவில், இரண்டரை முதல் மூன்றரை நிமிடம் போதும் என்பது என் அனுபவம். டார்ஜிலிங்கின் முதல் பருவ இலை இன்னும் மென்மையானது. 85 முதல் 90 டிகிரி நீரில் 2 முதல் 3 நிமிடம். அதன் இரண்டாம் பருவ இலை ஒரு நிமிடம் கூடுதலாகத் தாங்கும். அஸ்ஸாமின் ஆர்த்தடாக்ஸும், இலங்கையின் திம்புள, ஊவா பகுதிகளின் உடைந்த இலைகளும் பாலுக்கென்றே உடல்வாகு கொண்டவை. 4 நிமிடத்துக்குக் கூசாது. இலை எவ்வளவு சிறிதாக உடைந்திருக்கிறதோ அவ்வளவு அதிகப் பரப்பில் நீர் படும், அவ்வளவு விரைவாகச் சாறு இறங்கும். 1930-களில் அஸ்ஸாமில் பிறந்த சிடிசி முறை, இலையை நசுக்கி, கிழித்து, குருணையாகச் சுருட்டுவது, இந்த வேகத்தை முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் கூட்டிவிட்டது. சிடிசி தூளை வெறும் நீரில் ஊறவைப்பதானால் ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்கு மேல் வேலையே இல்லை. டிப் டீ பைகளுக்குள் இருப்பதும் பெரும்பாலும் இத்தகைய பொடி இலைதான். பேச்சு முடியும்வரை பையைக் கோப்பைக்குள்ளேயே விட்டுவைப்பது அதற்கு நல்லதல்ல. ரயிலில் ஃபிளாஸ்க் நீரில் தரும் டிப் டீ மட்டும் விதிவிலக்கு. அந்த நீர் நம் கைக்கு வரும்போது சூடு தணிந்திருப்பதால் கூடுதலாக ஒரு நிமிடம் கொடுக்கலாம்.

டீக்கடைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, பொருந்தவும் வேண்டியதில்லை. துணி வடிகட்டியில் தூளைப் போட்டு, பாய்லரின் கொதிநீரை ஊற்றி, வடிந்த டிகாஷனையே மறுபடி அதன் மேல் ஊற்றி மாஸ்டர் எடுக்கும் அந்தக் கறுத்த சாறு, தனியாகக் குடித்தால் நாக்கு தாங்காது. ஆனால் அது தனியாக வருவதில்லை. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிடித்த பிறகும் தேநீர் என்று தெரியுமளவுக்குச் சாறு மிஞ்ச வேண்டுமென்றால் டிகாஷன் அவ்வளவு அடர்த்தியாக இருந்தாக வேண்டும். அங்கேயும் நல்ல மாஸ்டர் ஸ்ட்ராங் டீ கேட்பவருக்குத் தூளை இன்னும் கொதிக்கவிடுவதில்லை, டிகாஷனைத்தான் கூட்டி ஊற்றுகிறார். மாலையில் பழைய தூளின் மேலேயே நீரை ஊற்றி ஓட்டும் கடையையும், வடிகட்டியைக் கவிழ்த்துப் புதுத் தூள் போடும் கடையையும் முதல் வாயிலேயே பிரித்தறிய முடியும். பழைய தூளின் சாற்றில் நிறம் இருக்கும், டீ இருக்காது.

கிரீன் டீயைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். உடம்பு குறைய வேண்டும் என்று மருந்தாக நினைத்து அதை வாங்குகிறார்கள். மருந்தென்றால் கசக்கத்தானே செய்யும் என்று பொறுத்துக்கொள்கிறார்கள். கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் கொதிநீர். ஜப்பானின் செஞ்சா இலைக்கு 70 முதல் 80 டிகிரி நீரும் ஒரு நிமிடமும் போதும். மூன்று வாரம்போல் நிழலில் வளர்க்கும் கியொகுரோவுக்கு இன்னும் குறைவாக, 50 முதல் 60 டிகிரியில் 2 நிமிடம். வெயில் குறைந்தால் தியானின் கேட்டச்சினாக மாறுவது குறையும். இலையில் தங்கிய அந்தத் தியானினை மட்டும் எடுத்துக்கொண்டு, கேட்டச்சினை இலையிலேயே விட்டுவிடுவதற்குத்தான் இந்த வெதுவெதுப்பான நீர். அதே ஜப்பானில் வறுத்த இலையான ஹோஜிச்சாவைக் கொதிநீரில் அரை நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கொதித்த நீரைக் குளிர்ந்த பாத்திரத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஏறத்தாழ 10 டிகிரி குறையும். ஜப்பானியர்கள் இதற்கென்றே யுசமாஷி என்ற கிண்ணம் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு டவரா டம்ளரில் இரண்டு முறை மாற்றி ஊற்றினாலும் செஞ்சாவுக்கான நீர் தயாராகிவிடும். ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது: முதல் ஊறலில் விரிந்துவிட்ட இலை இரண்டாவது ஊறலுக்குக் காத்திருக்காது, நீரை ஊற்றிய சில விநாடிகளிலேயே வடித்துவிட வேண்டும்.

இலையைக் கூட்டி நேரத்தைக் குறைக்கும் வழிக்கு மிகச் சிறந்த சான்று, கிரீன் டீக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட வகையான சீனாவின் ஊலாங். ஃபூஜியான் மாகாணத்துக்காரர்கள் 100 மில்லிலிட்டர் கொள்ளும் மூடிபோட்ட சிறு கிண்ணத்தில் 5, 6 கிராம் இலையைப் போட்டு, கொதிநீரை ஊற்றி, 15, 20 விநாடிகளில் வடித்துவிடுகிறார்கள். அதே இலைக்கு மறுபடி மறுபடி நீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் நேரத்தைச் சற்றே கூட்டி, பல சுற்றுகள் குடிக்கிறார்கள். நாம் பழகிய அளவைவிடப் பல மடங்கு இலை. நேரமோ அதில் ஒரு சிறு பங்கு. அந்தச் சாறு காட்டமாக இருக்கிறது, ஆனால் வறட்டுவதில்லை. அன்ஷி பகுதியின் தியெகுவான்யின் போன்று உருண்டையாகச் சுருட்டிய இலையானால் முதல் சுற்றில் மட்டும் இலை அவிழ்வதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். ஒயிட் டீயின் மொட்டுகள் உடையாதவை என்பதால் 80 டிகிரிக்கு அருகில் 4, 5 நிமிடம் எடுத்துக்கொள்ளும். துளசி, சுக்கு, செம்பருத்தி ஆகியவை தேயிலையே அல்ல. அவற்றைப் பத்து நிமிடம் ஊறவைத்தாலும் இந்தத் துவர்ப்புச் சிக்கல் பெரிதாக வராது.

முதல் அரை நிமிடத்துச் சாற்றைக் கொட்டிவிட்டால் கஃபீன் போய்விடும் என்று ஓர் ஆலோசனை வெகுவாகச் சுற்றிவருகிறது. அரை நிமிடத்தில் இறங்குவது கஃபீனின் சிறு பகுதிதான், போவது மணம். இரவில் தூக்கம் கெடுமென்று அஞ்சுபவர்கள் இலையைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

மலையில் ஊறியதும் சென்னையில் ஊறியதும்

குன்னூரில் அன்று கிடைத்த அந்த இரண்டாவது கிண்ணத்தைச் சென்னையில் மறுபடி கொண்டுவரப் பார்த்தபோது வேறு சில உண்மைகள் தெரியவந்தன. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே அங்கே கொதி அடங்கிய நீர் என்பது இங்கே கெட்டிலை அணைத்துச் சில நிமிடம் திறந்துவைத்த நீர். அதே இரண்டரை நிமிடத்தைச் சென்னையின் 100 டிகிரி நீரில் கொடுத்தால் துவர்ப்பு முந்திக்கொள்கிறது.

அடுத்தது நீர். மலை ஓடை நீரில் உப்பு குறைவு. சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பல இடங்களில் கால்சியம் மிகுதி. அந்த நீரில் போட்ட கறுப்புத் தேநீரைச் சாய்த்துப் பார்த்தால் மேலே மெல்லிய படலம் ஒன்று தெரியும். கரண்டியால் தொட்டால் வெடித்துத் துண்டுதுண்டாகப் பிரியும், கோப்பையின் சுவரில் பழுப்பு வளையமாக ஒட்டிக்கொள்ளும். இலையில் கலப்படம் என்று பலர் சந்தேகப்படுவது இதைத்தான். 1990-களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மைக்கேல் ஸ்பைரோவும் டியோகிராடியஸ் ஜகான்யியும் இதை ஆராய்ந்து, நீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும்தான் காரணம் என்று காட்டினார்கள். சிறிது எலுமிச்சைச் சாறு விட்டால் படலம் மறைவது அதனால்தான். இப்படிப்பட்ட நீரில் சாறு மங்கலாகவே இறங்கும். பளிச்சென்று வரட்டும் என்று எத்தனை நிமிடம் கூட்டினாலும் மங்கலும் துவர்ப்பும்தான் கூடும். குடிநீர் கேனிலிருந்தோ சுத்திகரிப்பானிலிருந்தோ எடுத்த நீரைப் பயன்படுத்தினால் அதே இலை உடனே தெளிந்துவிடுகிறது.

இவை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால், எந்தப் பட்டியலும் கடைசி நிமிடத்தைச் சொல்லித் தர முடியாது. எனவே புதிய தேயிலை வாங்கியதும் நான் செய்வது இது. முதல் கோப்பைக்கு அளந்து இலை போடுகிறேன். இரண்டாவது நிமிடத்திலிருந்து அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கரண்டி எடுத்துச் சுவைக்கிறேன். நாக்கின் நடுவில் இருக்கும் சுவை கன்னங்களின் உட்புறத்துக்கு நகரும் ஓர் இடம் வரும். அதற்கு முந்தைய அரை நிமிடம்தான் என் வீட்டில், என் நீரில், அந்த இலைக்கான நேரம். உடனே சாறு முழுவதையும் வடித்துவிடுகிறேன். இரண்டாவது கோப்பைக்கென்று மிச்சத்தை இலையோடு விட்டுவைப்பதில்லை, ஏனென்றால் கோப்பையில் ஊற்றுவதோடு ஊறல் முடிவதில்லை, இலை நீரை விட்டுப் பிரியும்போதுதான் முடிகிறது. அந்த நேரத்தைப் பேனாவால் டப்பாவின் மூடியில் எழுதிவிடுகிறேன். காலையில் பாலோடு குடிப்பவர்களுக்காக, அதே நேரத்துக்குக் கீழே ஒன்றரை மடங்கு இலை என்று குறிப்பும் இருக்கிறது. இந்த டிசம்பரில் பறித்த இலைக்கு அது 2 நிமிடம் 40 விநாடி. மழைக்காலத்தில் பறித்த இலைக்கு வேறு எண் எழுதியிருக்கிறேன்.